வேலங்கோட்டை ஸ்டேஷனில் ஒரு ஓட்டை

ஜூன் 3, திங்கள்

நகராட்சியில் பொறியாளர்கள் நான்கு பேர். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு மகள் கல்யாணம். மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் அவர் ஆணையருடைய ஊர்க்காரர். மிச்சம் நான். ஆகவே வேலங்கோட்டை பழைய ரயில்வே ஸ்டேஷனைப் பொது நூலகமாக மாற்றும் வேலை, உதவிப் பொறியாளர் அ. தமயந்தியின் தலையில் இன்று காலை பதினொரு மணிக்கு இறங்கியது.

இறங்கட்டும். இருபத்தாறு வருட சர்வீஸில் நான் கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி ஒழுகியதில்லை, ஒரு பாலம் உட்கார்ந்ததில்லை. இதை ஊரே சொல்லும். ஊர் சொல்லாவிட்டால் நானே சொல்லுவேன்.

ஆணையர் ஒரு நிபந்தனையும் சொன்னார். நவம்பர் கடைசியில் கவுன்சில் கூடும். அதற்குள் மழைக்காலத்தில் கட்டடம் ஒழுகினால் இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டத் தீர்மானம் போடுவார்களாம். கவுன்சிலர் திருவேங்கடம் அதற்குக் காத்துக்கொண்டிருக்கிறார். பதினான்கு வருடத்துக்கு முன்னால் "இந்தக் கட்டடம் நிற்காது" என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டின் நகல் அவர் பையிலேயே இருக்கிறதாம். பழைய ரிப்போர்ட். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

வீட்டில் சொன்னேன். இவர் தோசையைப் பிய்க்காமல் என்னையே பார்த்தார். "அந்த ஸ்டேஷனா?"

"ஆமா, அந்த ஸ்டேஷன்தான். ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

ஜூன் 6, வியாழன்

காலை முழுக்க ஸ்டேஷனில். ரயில் நின்று பதினேழு வருடமாகிறது. அகலப்பாதை வந்தபோது புதிய ஸ்டேஷனை ஊருக்கு வடக்கே கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நகராட்சி இதைக் குடோனாக வைத்துக்கொண்டது. தேர்தல் மேஜைகள், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், உடைந்த குப்பை வண்டிகள். புறா எச்சம் ஒரு சாண்.

ஆனால் என்ன கட்டடம்! குப்பையை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். முகப்பில் மூன்று வளைவுகள். சுவர் இரண்டேகால் அடி தடிமன். பிளாட்பாரத்தில் கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் காலடியிலும் கிளாஸ்கோ, 1907 என்று புடைத்த எழுத்து. கூரை விளிம்பு நெடுக ரம்பப் பல் போல வெட்டிய தேக்குப் பலகைகள். நூற்று முப்பத்திரண்டு எண்ணினேன், நாலுதான் குறைகிறது. கூரைத் தளத்துக்கு அடியில் தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்த ஒட்டு. எங்கும் ஒரு கம்பி இல்லை, ஒரு கைப்பிடி சிமெண்ட் இல்லை.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் அரைவட்ட ஓட்டை, அதற்குக் கீழே கருங்கல் பலகை. எத்தனை கைகள் உரசினவோ, கல் நடுவில் குழிந்து போயிருக்கிறது.

நூலகர் ரஹமத் நிஷா கூடவே வந்தார். அவருடைய நூலகம் இப்போது மீன் மார்க்கெட் மாடியில், வாடகைக் கட்டடத்தில். பதினாலாயிரம் புத்தகங்கள், மழை வந்தால் தார்ப்பாய். குழிந்த கல்லில் கையை வைத்தபடியே நின்றார்.

"எங்க தாத்தா பினாங்குக்குப் போனப்ப இந்த ஜன்னல்லதான் டிக்கெட் வாங்குனாராம் மேடம். எல்லாரும் இங்கிட்டுத்தான் போயிருக்காக. இனி புத்தகம் வாங்க வரட்டும்."

"ஒழுகாம இருந்தா" என்றேன்.

"நீங்க இருக்கீகள்ல" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 7, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. முழங்கால் வலி. ஸ்டேஷன் சுவர்களில் கீழ் நான்கு அடிக்கு ஈரம் ஏறியிருக்கிறது. சுரண்டிவிட்டு நல்ல சிமெண்ட் பூச்சு பூசச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

கீழ்ப் பூச்சு முடிந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறது. என் வேலை என்றால் என் வேலைதான்.

ஜூலை 8, திங்கள்

கண்ணாடி வீங்கிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று எரிச்சலில் ஒரே வரியோடு நிறுத்திவிட்டேன். விஷயம் இதுதான். பூசி இரண்டு வாரம்தான் ஆகிறது. இடையில் இரண்டு நாள் மழை. கிழக்குச் சுவர் முழுக்கப் பூச்சு உப்பி நிற்கிறது. விரலால் தட்டினால் அப்பளம் போலச் சத்தம் கேட்கிறது. நான்கு அடிக்கு நின்ற ஈரம் இப்போது ஆறு அடிக்கு ஏறிவிட்டது. ஒப்பந்தக்காரர் இன்னொரு பூச்சு போடலாமா என்று கேட்டார். கேட்டவரை அனுப்பிவிட்டு, நாற்காலி இல்லாததால் பிளீச்சிங் பவுடர் மூட்டை மேலேயே உட்கார்ந்தேன். புடவை நாசம்.

காரைக்குடிப் பக்கம் பழைய பெரிய வீடுகளையெல்லாம் ஓட்டலாக்குகிறார்கள். அங்கே சுண்ணாம்பு வேலைக்கு சேவுகன் என்று ஒரு கொத்தனார், ஆள் கிடைப்பதே அபூர்வம், நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டும் என்று நிஷா சொன்னார். போன் செய்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்து, "வேல கெடக்கு மேடம், மார்கழில பாப்பம்" என்றான். ஸ்டேஷன் என்றதும் குரல் மாறியது. "எந்த ஸ்டேஷன், வேலங்கோட்டையா? மூணு வளைவு இருக்குமே, அதா?"

ஜூலை 11, வியாழன்

சேவுகன் வந்தான். முப்பத்தாறு வயதுதான் இருக்கும். ஜீன்ஸ், கூலிங் கிளாஸ், புதுப் பைக். சினிமாவுக்கு வந்தவன் மாதிரி இருக்கிறானே என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டிக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்தான். கால் மணி நேரம் அப்படியே சுவர் நெடுகத் தடவிக்கொண்டு போனான்.

"மேடம், கோவிச்சுக்கிறாதீக. செவருக்கு மூச்சு முட்டுது."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

"சுண்ணாம்புச் செவரு தண்ணியக் குடிக்கும், வெயிலடிச்சா வெளிய விட்ரும். அதான் அதோட கொணம். நீங்க சிமெண்டப் பூசி வாயப் பொத்திட்டீக. உள்ள போன தண்ணி எங்கிட்டுப் போகும்? மேலதான் ஏறும். முன்னாடியும் எவனோ பூசிருக்கான், அது மேல நீங்களும் பூசிருக்கீக."

இருபத்தாறு வருட சர்வீஸில் என்னிடம் இப்படிப் பேசியவர்கள் இல்லை. எதையாவது பதிலுக்குச் சொல்லலாம் என்றால் சுவர் வீங்கி நிற்கிறது.

பிறகு அவன் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அங்கே சிமெண்ட் படாத பழைய பூச்சில், நெஞ்சு உயரத்தில், ஒரு விரல் போகிற அளவுக்கு ஓட்டை.

"இது யாரு வேல?"

"எது?"

"இந்தா, இது. எவனோ ஸ்க்ரூ டிரைவர விட்டு நோண்டிருக்கான். பொடி கொட்டுனதும் பயந்துருப்பான். மேல்பூச்சுங்கிறது சட்ட மேடம். மழ வெயிலெல்லாம் அது வாங்கிக்கிரும், தேஞ்சா மாத்திக்கிறலாம். சட்டையக் கிழிச்சுப் பாத்துட்டு ஆளு செத்துட்டான்னு சொன்னா எப்புடி?"

டீ குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

சேவுகன் ஒப்புக்கொண்டான். ஓட்டல்காரர்களிடம் இரண்டு மாதம் தள்ளிக் கேட்டிருக்கிறான். சிமெண்ட் முழுவதையும் எடுக்க வேண்டும். என்னுடைய கண்ணாடிப் பூச்சு உட்பட.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோப்புகள், கையெழுத்துகள், தெருவிளக்குப் புகார்கள். வீட்டில் மிக்ஸி ரிப்பேர். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சந்தோஷம்.

பெரிய கூடத்தில் சிமெண்டை எடுத்தபோது கீழே பழைய சுண்ணாம்புப் பூச்சு வந்தது. தடவினால் முட்டை ஓடு. மங்கலாகக் கறுப்பு எழுத்து: "மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள்." சிமெண்ட் போட்டு மூடியவன் எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லைதான்.

நிஷாவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அவரும் சேவுகனும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் வகுப்புக் கூடம்தான் கட்டடத்திலேயே பெரியது, காற்றோட்டமும் அங்கேதான். கூட்டம் அதிகம் என்பதால் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முதல் வகுப்பு அறை சின்னது. ஆனால் கதவு பதினோரு அடி, தரை கறுப்பு வெள்ளைச் சதுரக் கல்.

"எழுத்த அழிக்க வேணாம் மேடம். இங்க பேப்பர் படிக்கிற எடம், எல்லாரும் வந்து உக்காரட்டும்" என்றார் நிஷா. "அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் ரூம் இருக்குல்ல, அது சின்னப் புள்ளைகளுக்கு."

நான் வரைபடத்தில் முதல் வகுப்பு அறையை அலுவலர் அறை என்று போட்டிருந்தேன். அடித்துவிட்டு மாற்றினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கவுன்சிலர் திருவேங்கடம் வேலையைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. சுற்றிப் பார்த்தார். தேக்கு நல்ல தேக்கு, ஏலத்தில் போனால் நல்ல விலை என்றார். சேவுகனை டீக்கு அனுப்பினார். பிறகு பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"உங்க கையெழுத்துதானே மேடம்?"

"ஆமா."

"எனக்கு உங்க மேல ஒண்ணுமில்ல. டிசம்பர்ல உதவிச் செயற்பொறியாளர் புரமோஷன் லிஸ்ட்டு வருது, உங்க பேரு இருக்குன்னாக. நல்ல விசயம். மழை வந்து நாலு சொட்டு ஒழுகுனா, நீங்க அன்னைக்கே சொன்னது கரெக்டுன்னு ஆயிரும், உங்களுக்கும் மரியாத. ஒழுகலன்னு வைங்க. அப்ப இந்தம்மா அன்னைக்கு எப்புடி இப்புடி எழுதுனாகன்னு நான் கவுன்சில்ல கேக்க வேண்டிவரும். லிஸ்ட்டு என்ன ஆகுமோ. எதுக்கு மேடம் வம்பு? ஒரு எடத்துல கொஞ்சம் விட்டுப் பிடிங்க, போதும்."

வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21, புதன்

டைரிக்குக்கூடப் பொய் எழுதியிருக்கிறேன், பார். "ஒரு பொறியாளர்" என்றேன். "எழுத ஒன்றுமில்லை" என்றேன். அந்த ரிப்போர்ட் எழுதியவள் நான். ஓட்டை போட்டவள் நான்.

அன்று எனக்கு முப்பத்தைந்து வயது. ஆணையர் வண்டியில் காத்திருந்தார், அவருக்கு மதியம் மதுரையில் கூட்டம். நான் கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிக்கெட் ஜன்னல் ஓரத்தில் குத்தினேன். வெள்ளைப் பொடி சரசரவென்று கொட்டியது. கான்கிரீட்டில் அப்படிக் கொட்டினால் கதை முடிந்தது. எனக்குத் தெரிந்தது கான்கிரீட். பத்து நிமிடத்தில் எழுதினேன்: "சாந்து வலுவிழந்துவிட்டது. கட்டடம் நிற்காது. இடிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது." ஆணையர், கெட்டிக்காரப் பொண்ணு என்றார். வழக்கு, நிதி, தேர்தல் என்று ஏதோ ஒன்றில் இடிப்பது தள்ளிப் போனது. இல்லாவிட்டால் கிளாஸ்கோ தூண்கள் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

வீட்டில் இவரிடம் திருவேங்கடம் சொன்னதைச் சொன்னேன்.

"நீ என்ன செய்யப் போற?"

"என் வேலைய ஒழுங்கா செய்யப் போறேன்."

"அப்ப புரமோஷன்?"

"ஒழுகுற கட்டடத்தக் காட்டி வாங்குற புரமோஷன் எனக்கு வேணாம்." சொன்ன பிறகு கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. எட்டு வருடமாகக் காத்திருக்கிறேன். இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

செப்டம்பர் 9, திங்கள்

கூரை வேலை ஆரம்பம். பழைய ஒட்டின் மேல் கான்கிரீட் போட்டால் என்ன என்று போன மாதம் கேட்டேன். சேவுகன், "எருமைய ஆட்டு முதுகுல ஏத்துவீகளா?" என்று கேட்டான். அதோடு விட்டுவிட்டேன்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கூரை முழுக்கப் பரப்பியாகிவிட்டது. இனி அதைத் தட்ட வேண்டும். பதினெட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மரத்தட்டால் ஒரே தாளத்தில் அடிக்கிறார்கள். பின்னாலேயே கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஒருத்தி. அடி விழுந்த இடம் முதலில் பச்சைக் களிமண் போல அமுங்குகிறது. அமுங்க அமுங்க அடிக்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். வரிசைத் தலைவி அழகாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளுக் கணக்கெல்லாம் இல்லீங்கம்மா. தட்டு திருப்பி அடிக்கணும். நம்ம அடிச்சா அது நம்ம கையத் திருப்பி அடிக்கும் பாருங்க, அன்னைக்கித்தான் எந்திரிப்போம்."

செப்டம்பர் 12, வியாழன்

இன்னும் அடிக்கிறார்கள். தாளம் தாலுகா ஆபீஸ் வரை கேட்கிறதாம். தாசில்தார் புகார் சொன்னார். நல்ல காதோடு கேளுங்கள் சார், உங்கள் ஆபீஸ் கூரைக்கும் இது தேவைப்படும் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

இன்று நானும் உட்கார்ந்தேன். அழகாயி இடம் ஒதுக்கினாள். "மேடம் ஃபைலத் தட்டுன கையி, தாங்குமா?" என்று வரிசையே சிரித்தது. அடித்தேன். முதல் கால் மணியிலேயே தோள் கழன்றது. தாளம் தவறினேன், மொத்த வரிசையும் "ஆத்தாடி!" என்றது. மறுபடி பிடித்துக்கொண்டேன்.

மதியம் மூன்று மணி வாக்கில் என் தட்டு கல்லில் பட்டது போல டங்கென்று எகிறியது. உள்ளங்கை எரிந்தது. அழகாயி திரும்பிப் பார்த்தாள். "திருப்பி அடிச்சிருச்சா?"

"அடிச்சிருச்சு."

முழங்கால் இரண்டும் போய்விட்டன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். என் வாழ்க்கையில் இத்தனை கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றுகூட என்னைத் திருப்பி அடித்ததில்லை. இப்போதுதான் ஒன்று கிளம்பியிருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கூரை மேல் தட்டையான ஓடு பதித்தாகிவிட்டது. சுவர்ப் பூச்சு முடிந்தது, டிக்கெட் ஜன்னல் ஓரத்தில் மட்டும் பழைய பூச்சு நன்றாக இருந்ததால் அப்படியே விட்டாயிற்று. பல் பலகை நாலும் செய்து மாட்டியாகிவிட்டது. ஸ்டேஷனிலேயே பூஜை. சேவுகனின் கரண்டிகள், அழகாயி கூட்டத்தின் மரத்தட்டுகள், நிஷாவின் தேதி முத்திரைகள், எல்லாம் டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே வரிசையாக. பொரி, கடலை, பொட்டு.

என் கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கடைசியில் வைத்தேன். மஞ்சள் பிடி, அதே பழைய ஸ்க்ரூ டிரைவர். சேவுகன் அதைப் பார்த்தான். சுவரில் இருக்கும் ஓட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான்.

சேவுகன் தலையைச் சொறிந்துகொண்டான். "நான் வேற எவனோன்னு நெனச்சுல்ல வஞ்சுக்கிட்டிருந்தேன்."

"சரியாத்தான் வஞ்சீங்க."

நிஷா என் கையில் பொரியை அள்ளி வைத்தார். அழகாயி எல்லாவற்றுக்கும் வைத்தது போல ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைத்தாள்.

அக்டோபர் 17, வியாழன்

முதல் பெரிய மழை. காலை பத்து மணிக்குப் பிடித்தது, மதியம் வரை விடவில்லை. குடையோடு ஓடினேன். பேப்பர் கூடம் காய்ந்திருக்கிறது. டிக்கெட் அறை காய்ந்திருக்கிறது. முதல் வகுப்பு அறையில், வடமேற்கு மூலையில், உத்திரத்தின் ஓரத்தில் ஒரு ஈர வட்டம். சாப்பாட்டுத் தட்டுப் பெரிசு. நடுவில் ஒரு துளி உருண்டு திரண்டு நின்றது. விழவில்லை. நின்றது.

தார் டின்னும் ஷீட்டும் நான்தான் முன்யோசனையாக வாங்கி வைத்திருந்தேன். உடனே கூரையில் அடித்து ஒட்டிவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டேன். சேவுகனுக்கும் போனில் சொன்னேன்; காரைக்குடியிலிருந்து கத்தினான்.

"தாரத் தொடாதீக! முத மழைக்கு ஒரு எடம் கசியும். சுண்ணாம்பு கரைஞ்சு அதுவாப் போயி அந்த வழிய அடைச்சுக்கிரும். நீங்க தார ஊத்துனா மறுபடி வாயப் பொத்துன கததான்."

"அடைக்கலைன்னா?"

"அடைக்கலன்னா நான் கொத்தனாரு இல்ல, போதுமா?"

அப்போது பார்த்தா திருவேங்கடம் வர வேண்டும்! செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைத் தூக்கி ஈர வட்டத்தைப் படம் எடுத்தார். சிரித்தார். "விட்டுப் பிடிச்சுட்டீக போல. நல்லது மேடம்."

அவருக்குப் பின்னால் தார் டின் திறந்தபடி இருந்தது. ஒரு மணி நேர வேலை. ஈரம் நின்றுவிடும், கட்டடம் பிழைக்கும், அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ உள்ளேயே வீங்கும். அல்லது சும்மா இருந்து, சேவுகன் சொன்னது தவறாகப் போனால் கட்டடமே போகும்.

டின்னை நானே மூடினேன். மூடிமேல் ஏறி மிதித்தேன், அழுந்தட்டும் என்று.

அக்டோபர் 18, வெள்ளி

வட்டம் அப்படியே இருக்கிறது. தூக்கமில்லை. இவர் சமைத்தார். சாம்பாரில் உப்பில்லை, நான் கவனிக்கவேயில்லை, இவர்தான் சொன்னார்.

அக்டோபர் 24, வியாழன்

இரண்டாவது மழை. வட்டம் காப்பித் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தவுடன் இனிப்பு எடுத்துக்கொண்டு எங்கே போனேன் என்று எழுத வேண்டியதில்லை. வட்டம் எட்டணா அளவு.

நவம்பர் 13, புதன்

புயல் சின்னம். இரண்டு நாளாக வானம் ஓட்டை. பெரிய கண்மாய் நிரம்பி, மீன் மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர். நிஷாவின் வாடகை மாடி ஒழுகி, தார்ப்பாயும் தாங்கவில்லை. என்னைக் கேட்காமலே டிராக்டர் பிடித்து, பதினாலாயிரம் புத்தகங்களையும் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார்!

"கூரை இன்னும் தேறல, கவுன்சில் முடிவு சொல்லல" என்று கத்தினேன்.

"வேற எங்க கொண்டு போக மேடம்? ஊர்ல காஞ்ச எடம் இது ஒண்ணுதான் இருக்கு."

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். என்னுடைய ஆபீஸ்கூட ஒழுகுகிறது. முதல் வகுப்பு அறைக்குப் போய் வடமேற்கு மூலையில் ஏணி போட்டு ஏறினேன். முழங்கால் கெஞ்சியது, கேட்கவில்லை. ஈர வட்டம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது. வெள்ளையாக, மெல்லிய உப்புப் படிவது போலப் படிந்து, தானே தன்னை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே கொட்டுகிறது, உள்ளே என் கை காய்ந்திருக்கிறது.

ஏணியிலேயே நின்று அழுதேன். பெருமையில்தான் அழுதேன். 1908இல் கட்டி முடித்த ஆட்களை நினைத்து, அழகாயியின் பதினெட்டுப் பேரை நினைத்து, சேவுகனை நினைத்து. என்னையும் கொஞ்சம் நினைத்துத்தான்.

நவம்பர் 28, வியாழன்

கவுன்சில். ஒழுகவில்லை என்று ஆணையர் அறிக்கை படித்தார். நிஷா வந்திருந்தார், சேவுகன் கூலிங் கிளாஸோடு பின் வரிசையில். திருவேங்கடம் எழுந்து என் பழைய ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"கீழ கையெழுத்து, அ. தமயந்தி. நான் கேக்கறது ஒண்ணுதான். மேடம் அன்னைக்குப் பொய் சொன்னாகளா, இன்னைக்குப் பொய் சொல்றாகளா?"

எழுந்தேன். நேற்று கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ரெண்டும் பொய் இல்ல. அன்னைக்குத் தப்பு. எனக்குச் சுண்ணாம்பு தெரியாது. தெரியாதுன்னு எழுத வெக்கமா இருந்துச்சு, அதனால 'நிற்காது'ன்னு எழுதிட்டேன். அந்தக் காகிதத்த நம்பி இடிச்சிருந்தா, இன்னைக்குத் தப்புன்னு சொல்லக்கூட எனக்குக் கட்டடம் இருந்திருக்காது. இப்ப எழுதித் தரேன், நிக்கும். நான் ரிட்டயர் ஆன பிறகும் நிக்கும், நம்ம எல்லாரும் போன பிறகும் நிக்கும்."

திருவேங்கடம் கொண்டுவந்த இடிப்புத் தீர்மானம் தோற்றது. பதினேழுக்கு ஆறு.

டிசம்பர் 4, புதன்

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. அதோடு ஒரு மெமோ: பழைய அறிக்கை குறித்து விளக்கம் தருக. ஒரு வரியில் தந்தேன்: "தவறு என்னுடையது, கட்டடத்தை நேரில் வந்து பார்க்கவும்." தட்டச்சர் அம்மா, இதை அனுப்பலாமா என்று இரண்டு முறை கேட்டார்.

டிசம்பர் 14, சனி

திறப்பு விழாவுக்கு முன் கடைசிக் கைவேலை. சேவுகன் சாந்துக் கரண்டியோடு டிக்கெட் ஜன்னல் ஓரத்துக்கு வந்தான்.

"இந்த ஓட்டைய மட்டும் மூடிட்டாப் போதும். அஞ்சு நிமிசம்."

"வேணாம், இருக்கட்டும்."

"நெசமாவா?"

"நெசமா."

கட்டடத்தின் கதையை எழுதி மாட்டப் பலகை ஒன்று நிஷா தயார் செய்திருந்தார். 1908 திறப்பு, பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள், கடைசி ரயில், குடோன் காலம், சுண்ணாம்பு வேலை. குடோன் காலத்துக்குக் கீழே நானே ஒரு வரி சேர்த்தேன்: "இந்தக் கட்டடம் நிற்காது என்று சான்று எழுதியவர்: அ. தமயந்தி, உதவிப் பொறியாளர். அவர் குத்திப் பார்த்த இடம் இதுதான்." ஒரு அம்புக்குறியும் போட்டேன். சுண்ணாம்பு வேலையின் கீழே சேவுகனின் பெயர், அழகாயியின் பெயர், பதினெட்டுப் பெண்களின் பெயர்களும். கடைசியில் என் பெயரை இன்னொரு தடவை எழுதினேன். அதுவும் உண்மைதானே, விடுவேனா?

டிசம்பர் 16, திங்கள்

திறந்தாகிவிட்டது. மேளம், மாலை, பேச்சு. திருவேங்கடமும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். தேக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

மூன்றாம் வகுப்பு எழுத்துக்குக் கீழே உட்கார இடமில்லாமல் பேப்பர் படித்தார்கள். முதல் வகுப்பு அறையில் பிள்ளைகள் கறுப்பு வெள்ளைக் கல்லில் படுத்துக்கொண்டு புத்தகம் பார்த்தார்கள். நிஷா டிக்கெட் அறைக்குள் உட்கார்ந்து, அரைவட்ட ஓட்டை வழியாக முதல் புத்தகத்தை நீட்டினார். குழிந்த கல்லில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. வரிசை மூன்று வளைவையும் தாண்டி ரோடு வரை நின்றது. இந்தக் கட்டடத்துக்கு வரிசை புதிதில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண், இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும், பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். எடுத்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"அம்மா, இது யாரும்மா குத்துனது?"

அவளுடைய அம்மா பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான்."

அண்ணாந்து பார்த்தாள். "அப்பறம் ஏன் விழல?"

"நான் எழுதுனத அது படிக்கல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, விரலை மறுபடி ஓட்டைக்குள் விட்டாள்.